சி பிளாக்கிலிருந்து கடல் தெரியாது

விடுதியில் அறை ஒதுக்கும் வேலையில் இருப்பவர்கள் கடலைச் செய்வதில்லை. ஆனால் கடல் தெரியவில்லை என்றால் திட்டு வாங்குவது நாங்கள்தான். வங்கிக் கவுண்டரிலோ, கிளினிக் கவுண்டரிலோ, பள்ளி அலுவலகத்திலோ உட்கார்ந்து, தன் கையில் இல்லாத ஒன்றுக்காக அடுத்தவரிடம் பேச்சு வாங்கிய அனுபவம் உள்ள வாசகர்களே, நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், மெர்சிங்கில் உள்ள ஒரு டைம்ஷேர் விடுதியில். டைம்ஷேர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தடவை பெரிய தொகை கட்டி உறுப்பினராகிவிட்டால், வருடத்துக்கு ஒரு வாரம், பல வருடங்களுக்கு, அறை உங்களுடையது. அறை என்றுதான் பேச்சு. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கும் என்று யாரும் உறுதி கொடுப்பதில்லை. எங்களிடம் மூன்று கட்டடங்கள். ஏ பிளாக் கடலைப் பார்த்து நிற்கும். பி பிளாக் நீச்சல் குளத்தைப் பார்க்கும். சி பிளாக், கார் நிறுத்தும் இடத்தையும் சலவைக்கூடத்தையும் அதற்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தையும் பார்க்கும். உள்ளே எல்லாம் ஒன்றுதான்: அதே கட்டில், அதே நாற்காலி, அதே சின்ன அடுப்பு, அதே டவல். முதலில் வருகிறவர்களுக்கு ஏ பிளாக், கடைசியில் வருகிறவர்களுக்கு சி பிளாக்.

என் வீட்டு ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டு. அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்குத் தலைவியான காக் யாவுக்கு இருக்கிறது. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கடல் தெரியுற ரூம்ல எனக்குத் தெரியுறது மணல் மட்டும்தான்."

வானத்தில் ஒரு அறை

மணியம் அண்ணனை நான் முதலில் பார்த்தது அவர் உறுப்பினரான வருடத்தில். ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி சரோஜா அக்கா பள்ளிக்கூட கேண்டீன் நடத்துகிறவர். மகள் கவிதா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கவுண்டருக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த வண்ணத்தாள் ஒன்றை எடுத்து, நீவி, என் முன்னால் வைத்தார். ஜொகூர் பாரு பேரங்காடிகளில் மேசை போட்டு உறுப்பினர் சேர்க்கும் எங்கள் ஆட்கள் கொடுக்கும் விளம்பரம் அது. படம் முழுக்க நீலக் கடல். கரையோரமாக விரல்நகம் அளவுக்கு எங்கள் விடுதி. கடலின் மேல் விரலை வைத்து, "இந்த ரூம் குடும்மா," என்றார்.

அது டிரோனைப் பறக்கவிட்டு எடுத்த படம். ஏ பிளாக் உச்சி மாடியில் நின்றாலும் அப்படித் தெரியாது. அதைப் பக்குவமாகச் சொன்னேன். அவர்கள் சாயங்காலம் வந்து சேர்ந்ததால் மிச்சம் இருந்தது சி பிளாக் மட்டும்தான். அதையும் பக்குவமாகச் சொன்னேன். மனிதர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படின்னா வானத்துலயே ஒரு ரூம் போட்டுக் குடும்மா."

பக்கவாட்டுக் கடல்

கடல் தெரியும் அறை, தெரியாத அறை இரண்டுக்கும் நடுவில் எங்கள் விற்பனை ஆட்கள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: பக்கவாட்டில் கடல் தெரியும் அறை. பி பிளாக்கின் கோடி அறைகள்தான் இவை. பால்கனியின் இடது மூலைக்குப் போய், கம்பியில் வயிற்றைச் சாய்த்து, தலையை வெளியே நீட்டித் திருப்பினால், இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு கைக்குட்டை அகலத்துக்குக் கடல் தெரியும். படகு ஒன்று போனால் அதன் மூக்கைப் பார்க்கலாம். பிறகு வாலைப் பார்க்கலாம்.

குளுவாங்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு அப்படி ஓர் அறை கொடுத்தேன். ரொம்ப மரியாதையான மனிதர். மறுநாள் காலையில் பசியாறப் போகும் வழியில் கவுண்டரில் நின்றார். தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. கடல் தெரிந்ததா என்று கேட்டேன். "தெரிஞ்சதும்மா. ஆனா கழுத்து வலிக்குத்தான் டாக்டர் என்னை ஓய்வெடுக்கச் சொன்னாரு."

புதுக் கார்

பத்து பகாட்டிலிருந்து ஒரு தம்பி புது மனைவியோடும் புதுக் காரோடும் வந்தார். காலையிலேயே வந்துவிட்டதால் ஏ பிளாக்கில் நல்ல அறை. எல்லோரும் கேட்டு ஏங்கும் அறை. சாவியை வாங்கிக்கொண்டு போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வேறு அறை வேண்டும் என்றார். ஏர்கான் ஓடவில்லையா, தண்ணீர் வரவில்லையா என்று விசாரித்தேன். எல்லாம் இருக்கிறதாம். பால்கனியில் நின்று பார்த்தால் கார் தெரியவில்லையாம்.

சி பிளாக்கில் ஓர் அறை காலியாக இருந்தது. அதன் ஜன்னலுக்கு நேர் கீழே அவர் கார். சாவியை மாற்றிக் கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியை, கடலைப் பார்த்த எந்த முகத்திலும் நான் பார்த்ததில்லை. புது மனைவி மட்டும் ஏ பிளாக்கைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவரைச் சமாதானப்படுத்தும் விதமாகத் தம்பி சொன்னது எனக்கும் கேட்டது: "கடல யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

காணாமல் போன கடல்

அந்தத் தம்பி சொன்னது முழு உண்மையும் அல்ல. எங்கள் பக்கத்தில் நீர் வற்றும் நேரத்தில் கடல் ரொம்ப தூரம் உள்ளே போய்விடும். கரையில் சேறும் நண்டுகளும் யாரோ எப்போதோ தொலைத்த செருப்புகளும்தான் இருக்கும். இதை விளம்பரத்தில் போடுவதில்லை.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தவர், அறையிலிருந்து எனக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. ஒழுங்காக நடக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கே உரிய பொறுமைதான் இருந்தது. "மிஸ், தூங்கறதுக்கு முன்னாடி கடல் இருந்துச்சு. இப்ப காணோம். எத்தன மணிக்குத் திருப்பி வைப்பீங்க?"

தெப்ராவ் வீட்டு வாசல்

மணியம் அண்ணன் வருடா வருடம் வந்தார். வருடா வருடம் சி பிளாக்தான் கிடைத்தது. காரணம் சரோஜா அக்கா. வீட்டில் சமைத்து, அடைத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, அடுப்பைத் துடைத்து, வாசலில் கோலம் போட்டு, அதன் பிறகுதான் அக்கா காரில் ஏறுவார். அவர்கள் வந்து சேரும்போது ஏ பிளாக்கில் சாவிகள் எல்லாம் போயிருக்கும். அண்ணன் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "கடல் இருக்கா ஸ்டெல்லா?" என்பார். "இருக்குண்ணே, நடந்து போய்ப் பாத்துக்கலாம்," என்பேன். எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

இந்த வருடம் சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு முன்னால் அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் விளையாட்டு இல்லை. கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பையன் தினேஷ், சிங்கப்பூரில் என்ஜினியர். அப்பா அம்மா சிம்பாங் ரெங்கத்தில். பெருநாள் விடுமுறையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து எங்கள் விடுதியில் தங்கிப் பேசி முடிப்பதாகத் திட்டம். அதற்காக அடுத்த வருட வாரத்தையும் இப்போதே எடுத்து, இரண்டு அறையாக வாங்கிக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வீட்டுக்குத்தானே வருவார்கள், ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டேன். சொன்னார். தெப்ராவில் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு தொழிற்சாலையின் பின்பக்கச் சுவர். அந்த நீளத்துக்கும் அந்த உயரத்துக்கும் வேறு எதுவும் கண்ணில் படாது. போன வருடம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வாசலில் இறங்கிய பையனின் அம்மா, "கதவத் தொறந்தா சுவருதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாராம். அதன் பிறகு அவர்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. ஜாதகம் சரியில்லாமல் இருந்திருக்கும் என்று சரோஜா அக்கா சொல்கிறார். அண்ணனுக்குச் சுவர்தான் காரணம்.

எங்கள் விதிப்படி நான் கடலை முன்பதிவு செய்து வைக்க முடியாது. சீக்கிரமாக வந்தால் கிடைக்கும் என்றேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இத்தனை வருடமாக அவர் கடல் கேட்டது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. போனை வைக்கும்முன் அவர் சொன்னார்: "எனக்கு வேணாம்மா. அவங்களுக்கு ஒரு ரூம் கடலப் பாத்த மாதிரி குடுத்துடு. இந்த ஒரு தடவ."

தினமும் பார்க்கும் கடல்

அண்ணன் வந்த நாளில் நான் வேலைக்கு வரும்போதே அவர் லாபியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளப்பான சப்பாத்து. முந்தைய நாளே சமைக்கச் சொல்லி அக்காவைக் கிளப்பிவிட்டாராம். அக்கா ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தபடி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பெருநாள் கூட்டம். முன்பே வந்து தங்கியிருந்தவர்கள் போக, ஏ பிளாக்கில் அண்ணனுக்கென்று ஒன்றுதான் தேறியது, இன்னொன்று சி பிளாக். ஏ பிளாக் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் வந்தார்கள். பையனின் அம்மா தனம், பூப்போட்ட சேலையில் கையில் ஒரு கூடையோடு இறங்கினார். கூடைக்குள் சாமி படம், விளக்கு, சாம்பிராணி. அப்பா அதிகம் பேசாதவர். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றார். மணியம் அண்ணன் நேராகத் தினேஷிடம் போய், "தம்பி, உங்க ரூம்ல கதவத் தொறந்தா கடல்," என்றார். அந்தக் குரலில் இத்தனை வருட ஆசை இருந்தது. கவிதா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தினேஷ் நல்ல பையன். தன் பதில் அண்ணனின் முகத்தில் என்ன செய்யும் என்று அவன் யோசிக்கவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல்மேல் போகும் பாலத்தைத் தினமும் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவன் சொல்லக்கூடியதைத்தான் சொன்னான்: "அங்கிள், காலையிலயும் சாயங்காலமும் ஜாம்ல நின்னுகிட்டு நான் கடலத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் லா."

எந்த மாடி?

இதில் அண்ணன் ஒரு காரியம் செய்துவிட்டார். உங்கள் அறை எங்கே என்று தனம் அம்மா கேட்டதற்கு, "நாங்களும் இந்த பிளாக்தாங்க, மேல இருக்கோம்," என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் சி பிளாக்கில் சலவைக்கூடத்தைப் பார்த்துத் தங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மறுபடியும் சுவர்க் கதைதான் என்று பயம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் அதற்குக் கூலி வேலை பார்க்க வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்குப் போகும்போதெல்லாம் சி பிளாக் படியில் இறங்கி, பின்பக்கமாகச் சுற்றி, ஏ பிளாக் லிஃப்டில் ஏறி, மறுபடி இறங்கி, அப்போதுதான் அறையிலிருந்து வருகிறவர்போல லாபியில் வந்து நிற்பார். நான் என் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சரோஜா அக்கா இந்த நாடகத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி அறையிலேயே சமைத்துக்கொண்டிருந்தார்.

ஏ பிளாக்கில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் எங்கள் கரையில் காற்று பலமாக வீசும். தனம் அம்மா ஏற்றி வைத்த விளக்கைப் பால்கனிக் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார், மறுபடி அணைத்தது. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். உப்புக் காற்று கண்ணாடியில் படிந்து எதுவும் தெரியாமல் போனது. தண்ணீரில் பட்டுத் தெறித்த வெளிச்சம் வேறு கண்ணைக் கூச வைத்தது. திரையையும் இழுத்துவிட்டார். ஆக, அந்தக் கடலை வாங்கிக் கொடுக்க ஒரு மனிதர் பட்ட பாடெல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. தண்ணீர் போத்தல் கேட்டுக் கவுண்டருக்கு வந்த தனம் அம்மா, போகும்போது நின்று என்னிடம் கேட்டார்: "ஏம்மா, மணியம் எந்த மாடியில இருக்காரு? எப்பப் பாத்தாலும் லிஃப்ட்லயே இருக்காரு!"

சாம்பிராணி

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் எல்லோரும் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து, குளித்து, உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அதுதான் அந்தப் பேச்சு. அண்ணன் மத்தியானத்திலிருந்தே லாபியில் நடந்துகொண்டிருந்தார். தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் தயார். அவர்கள் சம்மதம் சொன்னால் அங்கேயே தட்டு மாற்றிவிட்டு, தெப்ராவ் வீட்டு வாசலை யாருக்கும் காட்டாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. "என்ன சொல்வாங்கன்னு தெரியலம்மா. அந்த அம்மா ரூம விட்டே வரல. ரூம் புடிக்கலயோ?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

தனம் அம்மா அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை, அதிலும் நல்ல காரியம் பேசப் போகிற வெள்ளிக்கிழமை. சாமி படத்துக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டிருக்கிறார். வீட்டில் போடுகிற அளவுக்கே போட்டிருக்கிறார். வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும். இங்கே காற்றுக்குப் பயந்து கதவு சாத்தி, திரையும் போட்டு, புகை போக வழியில்லாமல் நேரே மேலே போனது. மேலே, புகை பட்டால் அலாரம் அடிக்கும் எங்கள் கருவி இருந்தது.

அலாரம் அடித்தால் ஏ பிளாக் முழுக்க வெளியேற வேண்டும் என்பது விதி. நீச்சல் உடையில் பிள்ளைகள், துண்டைச் சுற்றிய அப்பாக்கள், பாதி ஷாம்பு தலையோடு ஒரு அம்மா, எல்லோரும் ஒன்றுகூடும் இடத்துக்கு ஓடினார்கள். அந்த இடம் சி பிளாக்குக்கு முன்னால் உள்ள கார் நிறுத்தும் இடம். நான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஆட்களை வரிசைப்படுத்தினேன். தனம் அம்மா சாமி படத்தை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கி வந்தார். கூந்தலெல்லாம் சாம்பிராணி மணம். தன்னால்தான் இத்தனையும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. புகைந்துகொண்டிருந்த சாம்பிராணிக் கிண்ணத்தைக் குப்பை அள்ளும் தகட்டில் ஏந்திக்கொண்டு காக் யா கடைசியாக வந்தார். மலாய்க்காரர்களுக்கு அந்த வாசனை என்றால் பேய் ஓட்டும் மந்திரவாதி ஞாபகம்தான் வரும். நேரே என்னிடம் வந்து, பயந்த குரலில் கேட்டார்: "அலமாக், ஐயோ, ஏ பிளாக்ல பேய் இருக்குன்னு நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

துணி காயும் ஜன்னல்

சத்தத்தைக் கேட்டு சி பிளாக் படியில் சரோஜா அக்கா ஓடி வந்தார். வீட்டுக் கைலி, கையில் கரண்டி. கூட்டத்தில் கணவரைப் பார்த்ததும் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "என்னங்க, நம்ம ரூமுக்கு ஒன்னும் இல்லயே? அடுப்புல பாயசம் கொதிக்குது!" கரண்டி சி பிளாக் ஜன்னலைக் காட்டியது. அண்ணன் லிஃப்டில் ஏறி இறங்கியதெல்லாம் அந்தக் கரண்டியோடு முடிந்தது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒலிபெருக்கியின் பித்தானைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தனம் அம்மா சி பிளாக்கைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார், மணியம் அண்ணனைப் பார்த்தார். "இங்கயா இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். ஒருவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர், இன்னொருவர் விடுதியையே வெளியேற்றியவர். யார் யாரைக் குறை சொல்வது? முதலில் சிரித்தது அதிகம் பேசாத தினேஷின் அப்பாதான். பிறகு கவிதா. பிறகு எல்லோரும். ஏ பிளாக்கைத் திறக்க நேரமாகும் என்று நான் அறிவித்ததும், சரோஜா அக்கா யாரையும் கேட்காமல் எல்லோரையும் மேலே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, அறை தயார் என்று சொல்ல நானும் போனேன். கதவு திறந்தே இருந்தது. உளுந்து வடை, பாயசம், வாழை இலை இல்லாததால் விடுதித் தட்டுகள். தனம் அம்மா ஜன்னல் பக்கம் நின்று, கம்பியில் வரிசையாகக் காயும் எங்கள் படுக்கை விரிப்புகளையும் அதற்கப்பால் செம்பனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு, துணி எப்படிக் காயுது. அங்க நேத்திலிருந்து ஒரு டவல் காயல," என்றார் கணவரிடம். அறை தயார் என்று நான் சொன்னேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் மெல்ல எழுந்து, மறைத்து வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். உங்களுக்குச் சம்மதம் என்றால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

தனம் அம்மாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "சம்மதமில்லாமலா நான் சாம்பிராணி போட்டேன்?" என்றார். அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் தனம் அம்மா இன்னும் முடிக்கவில்லை. தட்டை எடுத்து, அண்ணனின் மடியிலேயே திருப்பி வைத்தார். "ஆனா தட்டு இங்க மாத்த மாட்டேன்ணே. வாடக ரூம்லயா பொண்ணு கேப்பாங்க? நாளைக்கு உங்க வீட்டுக்கு வரோம்."

மேற்கு வெயில்

மறுநாள் காலையில் ஏ பிளாக் சாவி திரும்பி வந்துவிட்டது. மிச்ச நாட்களுக்குக் கடல் சும்மா கிடந்தது. அண்ணன் சாவியைக் கவுண்டரில் வைத்தபோது நான் ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவர், "போயிட்டு வரேன் ஸ்டெல்லா," என்றார். இவ்வளவு மெதுவாகக் கார் ஓட்டிக்கொண்டு வெளியேறிய விருந்தினரை நான் கண்டதில்லை.

என்ன நடந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது, கல்யாணப் பத்திரிகை கொடுக்க அண்ணனும் அக்காவும் வந்தபோதுதான். அக்காதான் சொன்னார். அண்ணன் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தித் தேநீர் குடித்தாராம். எவ்வளவு குடித்தாலும் தெப்ராவ் வந்துதானே ஆக வேண்டும். வீட்டு வாசலில் கார் நின்றபோது மத்தியானம் தாண்டி, வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தனம் அம்மா இறங்கினார். திரும்பி, எதிரே அந்தச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். அண்ணன் கேட் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திறக்காமலே நின்றாராம். சிம்பாங் ரெங்கத்தில் தனம் அம்மா வீடும் அண்ணன் வீட்டைப்போல மேற்குப் பார்த்த வீடுதான். பிற்பகலானால் வெயில் நேராக உள்ளே விழுந்து முன்கூடத்தில் யாரும் உட்கார முடியாது. இங்கேயோ சுவரின் நிழல் தார்ச்சாலையைத் தாண்டி வந்து, அண்ணன் வீட்டுக் கேட்டுக்குள்ளே பூந்தொட்டிகள் மேல் விழத் தொடங்கியிருந்தது. அந்த நிழலுக்குள் போய் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "குடுத்து வெச்சவங்கண்ணே நீங்க, மேக்கு வெயிலு உள்ளயே வராது!"

அக்கா சொல்லி முடித்தபோது அண்ணன் பத்திரிகைக் கட்டைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட வாரம்தான் முன்பே செலவாகிவிட்டது, அதற்கடுத்த வருடத்துக்குச் சம்பந்தி வீட்டோடு வருகிறோம், இரண்டு அறை வேண்டும் என்றார். நான் பழைய வழக்கப்படி, கடல் இருக்கா என்று அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "ரெண்டும் சி பிளாக்லயே குடும்மா. சம்பந்தியம்மாவுக்குத் துணி காயணும்."

கடல் தெரியுமா, குளம் தெரியுமா, சுவர் தெரியுமா என்று கவுண்டரில் என்னைப் போட்டு வாட்டுகிறவர்களை இத்தனை வருடமாகப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இருட்டியதும் எல்லோரும் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் தூங்குகிறார்கள்.